ஊருக்கு மடக்குக் கத்தி கொண்டு போகிற ஆட்களுக்கு

பிரான்ஸ் வந்து முதல் தரம் ஊருக்குப் போகிற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது. சொக்லேட், சென்ட் எல்லாம் வாங்கி முடிந்து ‘மாமாவுக்கு என்ன கொண்டு போகலாம்’ என்று கேட்டால், யாராவது ஒப்பினேல் கத்தியைச் சொல்வார்கள். நல்ல சாமான்தான். சவோய் மலைப்பக்கத்தில் 1890இல் தொடங்கிய கத்தி. மரப்பிடி, அலகு மடங்காமல் பூட்ட ஒரு வளையம். எட்டாம் நம்பர் என்றால் அலகு எட்டரை சென்டிமீட்டர்.

ஆனால் அலகில் என்ன பொறித்திருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ‘இனொக்ஸ்’ என்றால் குரோமியம் கலந்த உருக்கு, லேசில் கறள் பிடிக்காது. ‘கார்போன்’ என்றால் சாணைக்கல்லில் இரண்டு இழுவையில் கூர் ஏறும். ஈரத்தோடு வைத்தால் மறுநாளே கறளும் ஏறும்.

நான் களுவாஞ்சிகுடி மாமாவுக்குக் கார்போன்தான் வாங்கினேன். அவர் மாங்காயும் தேசிக்காயும் வெட்டி வெட்டி, இரண்டு மாதத்தில் அலகு நீலமும் சாம்பலுமாகக் கறுத்துவிட்டது. மாமி அதை அழுக்கென்று நினைத்துவிட்டார். ஒரு பின்னேரம் முழுக்கச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி மினுக்கி, கழுவி, துடைக்காமல் யன்னலோரம் வைத்திருக்கிறார். விடியப் பார்த்தால் அலகு முழுக்கச் செம்மண் தெளித்த மாதிரிப் புள்ளி. ‘மனே, நான் வடிவா மினுக்கித்தானே வெச்ச, மறுகா பாத்தா கறள்’ என்று வீடியோ கோலில் எனக்குத்தான் ஏச்சு.

அந்தக் கறுப்பு அழுக்கில்லை. புளிப்புப் பட்டு உருக்கின் மேல் படிகிற மெல்லிய படலம் அது. கறளை முழுதாக நிறுத்தாது, ஆனால் நன்றாகத் தாமதப்படுத்தும். சிவப்பாக, விரலில் பொடியாக ஒட்டுவதுதான் கறள். அதைத்தான் எடுக்க வேண்டும். மெல்லிய இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போகும். தேசிக்காய்ப் புளி போட்டால் உடனே கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் புளியே தின்னத் தொடங்கும்.

களுவாஞ்சிகுடி இருக்கிற எழுவான்கரைப் பக்கம் இந்தக் கரைச்சல் கூட. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றோடு வந்து படிகிற உப்பு, மழை இல்லாத நாளிலும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதனால் வெட்டி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, கொஞ்ச நேரம் திறந்தபடி காயவிட்டு மடிக்கச் சொல்லுங்கள். மீன் வெட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள் (கேட்கமாட்டார்கள்). உப்பும் செதிலும் பூட்டுக்குள் போனால் எடுப்பது பெரிய பாடு.

எண்ணெய்க்கு, தினமும் பாவிக்கிற கத்தி என்றால் தேங்காயெண்ணெய் போதும். மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தால் அது சிக்குப் பிடித்து மணக்கும். இங்கே மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற பராஃபின் எண்ணெய் ஒரு போத்தல் கொண்டு போனால் வருஷக்கணக்குக்குக் காணும், பழம் வெட்டவும் பயமில்லை. அலகில் மெல்லியதாகப் பூசி, பூட்டில் ஒரு சொட்டு விட்டு நாலைந்து தரம் திறந்து மூடினால் சரி. தோல் உறைக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தைக் குடித்து அலகிலேயே வைத்திருக்கும்.

மாரியில் இன்னொரு கூத்து நடக்கும். மரப்பிடி ஊதி, அலகு வெளியே வராது. பல்லால் இழுக்க வேண்டாம். வளையத்தைத் திறப்புப் பக்கம் திருப்பி, பிடியின் அடிக்குதியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகின் முதுகு எழும்பும். சவோய்க்காரரும் அப்படித்தான் திறப்பார்கள்.

அப்புறம், பிரான்ஸில் தக்க காரணமில்லாமல் இதைச் சட்டைப் பையில் கொண்டு திரியாதீர்கள், மடக்குக் கத்தியும் சட்டத்தில் ஆயுதம்தான். லண்டனில் மூன்று அங்குலத்துக்குக் குறைந்த மடக்குக் கத்திக்குக் கொடுக்கிற சலுகை, பூட்டுகிற கத்திக்குக் கிடையாது. பிளேனில் கட்டாயம் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். கைப்பையில் வைத்து, விமான நிலையச் சோதனையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு நான் வெறுங்கையோடு ஏறியிருக்கிறேன். அதில் மாமாவின் பேர் வேறு பொறித்திருந்தது.