மறு: 'வெளியேற்றக் குறியீடு' வேண்டாம், 'விடையெண்' எனலாமா?

வணக்கம்.

> நிரல் முடியும்போது தரும் எண்ணுக்கு 'வெளியேற்றக் குறியீடு' என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. வெளியேற்றுவது பிறவினை, யாரோ யாரையோ துரத்துகிறார்கள். இங்கே நிரல் வேலையை முடித்துக்கொண்டு தானே போகிறது. போகும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த எண்ணின் அருமையைச் சென்ற வாரம் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வழங்கிகளைக் கண்காணித்து நிலையைத் திரையில் காட்டும் நாகியோஸ் மென்பொருளுக்காக, பதிவுக் கோப்பில் 'எரர்' என்ற சொல்லைத் தேடும் சிறு ஷெல் நிரல் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் நிரல்) எழுதியிருந்தேன். கடைசி வரி, கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளை. பிழையே இல்லாத நாளில் திரை மஞ்சளானது. பிழை வந்த அன்று பச்சையானது! கட்டளை வரையறையையும், ஆச்சரியக்குறி இட்டுப் பிரித்த அளவுருக்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கோளாறு அங்கே இல்லை. நிரல் அச்சிடும் சொற்களை நாகியோஸ் காட்டும், அவ்வளவுதான். நிலையை முடிவு செய்வது எண். 0 நலம் (பச்சை), 1 எச்சரிக்கை (மஞ்சள்), 2 நெருக்கடி (சிவப்பு), 3 தெரியவில்லை. கிரெப்பின் கணக்கு வேறு: தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோப்பைப் படிக்க முடியாவிட்டால் 2. நான் எண் எதையும் குறிப்பிடாததால் கிரெப் சொன்னதே என் நிரலின் பேச்சாகிவிட்டது. இன்னொரு வழங்கியில் எப்போதும் சிவப்பு. எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக நான் ஓட்டியபோது படிக்க முடிந்த கோப்பை, நாகியோஸ் பயனரால் படிக்க முடியவில்லை.

ஆகவே 'விடையெண்' என்கிறேன். விடை என்றால் பதில். விடைபெறுதல் என்றால் போய்வருதல். நிரல் விடைபெறும்போது தரும் விடை இது. இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்குவது தமிழில் நமக்கு வாய்த்த பேறு. 'குறியீடு' எழுத்துருவிலிருந்து மூலநிரல் வரை ஏற்கெனவே பல சுமைகளைச் சுமக்கிறது. இதுவோ 0 முதல் 255 வரையுள்ள வெறும் எண்.

தேர்வுத்தாளின் 'வினா எண்' நினைவுக்கு வரலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

'விடையெண் 127 என்றால் ஷெல்லுக்கு அந்தக் கட்டளையே கிடைக்கவில்லை. 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க உரிமை இல்லை.'

'நிரலை ஓட்டியவுடன் எக்கோ $? என்று தட்டி விடையெண்ணைப் பாருங்கள்.'

எனக்கு எங்கும் இடறவில்லை. கையேட்டின் சோதனைக் கட்டளை இயலில் இச்சொல்லையே இட்டிருக்கிறேன். இடறுகிறவர்கள் இதே இரண்டு வாக்கியங்களைத் தங்கள் சொல்லோடு எழுதி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.