டெர்மினல் தலைப்பு மாறவே மாட்டேன் என்கிறது

வேளச்சேரிவாசி:
உபுண்டுவில் எப்போதும் நாலு டெர்மினல் திறந்திருக்கும், எல்லாம் ஒரே முகம். போன வாரம் டெஸ்ட் சர்வர் என்று நினைத்து லைவில் சர்வீஸை நிறுத்தித் தொலைத்தேன். அதனால் பைத்தான் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே, ஜன்னல் தலைப்பை மாற்றும் குறியீடாக \033]0;லைவ்\007 என்று பிரிண்ட் செய்கிறேன், கடைசியில் புதுவரி இல்லாமல். நாற்பது நிமிடம் ஓடுகிறது, தலைப்பு அசையவில்லை. முடியும்போது ஒரு மின்னல், அப்புறம் பழைய தலைப்பே.

கறுப்புத்திரை:
புதுவரி இல்லாததால் எழுத்துகள் திரைக்குப் போகாமல் பஃபரிலேயே (இடைச் சேமிப்பில்) தங்கிவிடுகின்றன. பிரிண்டில் ஃப்ளஷ் போடுங்கள், உடனே வெளியே தள்ளிவிடும். முடிந்ததும் பழையது வருவது உபுண்டுவில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷின் வேலை: அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு பிராம்ப்ட்டிலும் அதுவே தலைப்பை எழுதும். அது நல்லதுதான், விட்டுவிடுங்கள். உங்கள் குறியீட்டில் ]-க்கு அடுத்து 0 என்றால் ஐகான் பெயரும் சேர்ந்து மாறும். தலைப்பு மட்டும் போதுமென்றால் அங்கே 2 போடுங்கள்.

வேளச்சேரிவாசி:
ஃப்ளஷ் போட்டதும் வந்துவிட்டது, நன்றி பாஸ்! ஆனால் ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானின் லாகில் ]0;லைவ் என்று குப்பை விழுகிறதே?

தரமணி டீக்கடை:
வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று இஸ்-ஏ-டிடிஒய் (isatty) ஃபங்ஷன் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்புறம், ஒரே ஜன்னலில் பல டெர்மினல்களை ஓட்டும் டிமக்ஸுக்குள் ஓட்டினால் அதன் செட்-டைட்டில்ஸ் அமைப்பை ஆன் செய்யாமல் வெளி ஜன்னல் தலைப்பு மாறாது. நான் அதில் ஒரு சாயங்காலத்தையே தொலைத்தவன்.