எம்ஆர்ஐ புரோட்டோகால் கோப்பு கிட்டில் இருந்தும், எது மாறியது என்று தெரியவில்லை (அவசரம்)

கள்ளிச்செடி (புதன், இரவு 11:40)
வணக்கம். எங்கள் ஆய்வில் ஜனவரி வரை எடுத்த டி1 வகை (மூளையின் அமைப்பைக் காட்டும்) படங்களுக்கும் பிப்ரவரிக்குப் பின் எடுத்தவற்றுக்கும் இடையே, மூளைப் புறணியின் தடிமனில் தெளிவான ஒரு வித்தியாசம் இருக்கிறது. புரோட்டோகாலில், அதாவது ஸ்கேன் அமைப்புகளின் தொகுப்பில், கை வைக்கவே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவ்வப்போது அந்தக் கோப்பை ஸ்கேனரிலிருந்து எடுத்துக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளின் களஞ்சியத்தில் ஏற்றி வந்திருக்கிறோம். ஆனால் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது, இவை பைனரிக் கோப்புகள், வேறுபடுகின்றன என்ற ஒற்றை வரிதான் வருகிறது. வெள்ளிக்கிழமை என் நெறியாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். இதே கோப்பை வேறொரு ஆய்வகமும் கேட்டிருக்கிறது. அவர்களுக்கு அப்படியே அனுப்பிவிடலாமா?

இரவுநேர_ஸ்கேன்
எந்த நிறுவனத்தின் ஸ்கேனர், எத்தனை டெஸ்லா (காந்த வலிமை), மென்பொருள் எந்தப் பதிப்பு, கோப்பின் பின்னொட்டு என்ன? இவற்றைச் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது. பிப்ரவரியை ஒட்டி மென்பொருள் மேம்பாடு ஏதேனும் நடந்ததா?

சுருள்பித்தன்
எந்தத் தலைச் சுருள் (தலையைச் சுற்றி மாட்டிச் சமிக்ஞையை வாங்கும் கருவி) என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இத்தகைய சிக்கல்களில் பெரும்பாலானவை சுருளில்தான் முடிகின்றன என்பது என் அனுபவம். தலை பெரிதாக இருப்பவருக்கு 32 சேனல் சுருள் பொருந்தாமல் 20 சேனலை மாட்டியிருப்பார்கள். பிறகு அதுவே வழக்கமாகியிருக்கும்.

பழைய_கை
இந்தக் கேள்வி இங்கே வருவது முதல் முறையன்று, கடைசி முறையாகவும் இருக்கப் போவதில்லை. கிட் என்பது எழுத்துக் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிடுவதற்காகப் பிறந்தது. பெட்டியைப் பூட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே என்ன மாறியது என்று கேட்டால் அது என்ன சொல்லும், தம்பி? புரோட்டோகாலைச் சேமித்தோம் என்பதும் பதிப்புக் கட்டுப்பாடு செய்தோம் என்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு கமிட்டுக்கும் (கிட்டில் பதிந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும்) என்ன குறிப்பு எழுதினீர்கள் என்பதை முதலில் இங்கே ஒட்டுங்கள்.

கள்ளிச்செடி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சீமென்ஸ் பிரிஸ்மா 3 டெஸ்லா, மென்பொருள் இ11சி. மேம்பாடு எதுவும் நடக்கவில்லை. கோப்பு எக்ஸார்1 வகை (சீமென்ஸ் ஸ்கேனர் புரோட்டோகாலை ஏற்றுமதி செய்யும் வடிவம்). சீக்வென்ஸ் (ஸ்கேனர் துடிப்புகளை அனுப்பும் வரிசை) எம்பிரேஜ்; டிஆர் (வரிசை மீளும் இடைவெளி) 2300, டிஐ (தலைகீழாக்கும் துடிப்புக்குப் பின் காத்திருப்பு) 900 மில்லி விநாடி, துடிப்பின் கோணம் 9 பாகை, 1 மி.மீ. பக்கமுள்ள கன அலகுகள். சுருள் எப்போதும் 32 சேனல்தான்.

சாய்வுக்காந்தம்
அப்படியானால் என் சந்தேகம் உருக்குலைவுத் திருத்தத்தின்மீது. இரு பரிமாணத் திருத்தமா, முப்பரிமாணத் திருத்தமா, அல்லது திருத்தமே இல்லையா என்பதைப் பொறுத்து, காந்தத்தின் மையத்திலிருந்து விலகிய பகுதிகளில் மூளையின் வடிவமே சற்று மாறும். டைகாம் (ஸ்கேனர் தரும் படக் கோப்பு) தலைப்பில் படத்தின் வகையைக் குறிக்கும் புலத்தைப் பாருங்கள். திருத்தம் இல்லையென்றால் என்டி என்றும், இருந்தால் டிஸ்2டி அல்லது டிஸ்3டி என்றும் இருக்கும்.

இரவுநேர_ஸ்கேன்
புலம் புலமாகத் தேடுவதைவிட இப்படிச் செய்யுங்கள். ஜனவரியில் ஒருவர், மார்ச்சில் ஒருவர் என இருவரின் டைகாம்களை டிசிஎம்2நிக்ஸ் என்ற மென்பொருள் கொண்டு நிஃப்டி என்ற பட வடிவத்துக்கு மாற்றுங்கள். நிஃப்டி படத்துடன் ஸ்கேன் அமைப்புகள் அடங்கிய ஒரு ஜேசன் கோப்பும் வரும், அது வெறும் எழுத்து. அந்த இரண்டையும் ஒப்பிடுங்கள். ஸ்கேன் எடுத்த நேரம், எஸ்ஏஆர் (உடல் உறிஞ்சும் அலை ஆற்றல்) மதிப்பு, ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்கும்) அமைப்பு, அலைபரப்பு வீச்சு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுவது இயல்பு, அவற்றைக் கண்டு பதற வேண்டாம். எஞ்சியிருக்கும் வேறுபாடு எதுவோ அதுதான் உங்கள் விடை. மாற்றும் மென்பொருளின் பதிப்பு இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அதுவே ஒரு போலி வேறுபாட்டைக் காட்டும்.

திறந்தமூலன்
நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து தேடுகிறோம். 2017இல் வெளியான பல்ஸீக் என்ற திறந்த வடிவத்தில் சீக்வென்ஸ் முழுவதுமே ஓர் எழுத்துக் கோப்பு. கிட்டுக்கு அது இயற்கையாகவே பொருந்தும், வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்கேனர்களிலும் ஓடும். எல்லோரும் அதற்கு மாறிவிட்டால் இந்த இழைக்கே தேவை இருக்காது.

இரவுநேர_ஸ்கேன்
வெள்ளிக்கிழமைக்குள்ளா?

பழைய_கை
ஜேசன் கோப்பு நல்லதுதான், ஆனால் புரோட்டோகாலின் மூல ஆவணம் ஸ்கேனரே அச்சிட்டுத் தரும் பிடிஎஃப் என்பதை யாரும் மறக்க வேண்டாம். ஆய்வாளர் எதை நோக்கிப் புரோட்டோகாலை அமைத்தார் என்பது முழுமையாக அதில்தான் இருக்கிறது. அதை எழுத்தாக மாற்றிக் கிட்டில் வைத்தால் வரிக்கு வரி வேறுபாடு தெரியும். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்து வருகிறேன்.

சாய்வுக்காந்தம்
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. என்ன செய்ய நினைத்தோம் என்பதைத்தான் பிடிஎஃப் சொல்லும், என்ன நடந்தது என்பதை டைகாம்தான் சொல்லும். ஸ்கேன் மேசையில் ஒருவர் படுத்திருக்கும்போது எஸ்ஏஆர் வரம்பு தாண்டுகிறது என்று ஸ்கேனர் எச்சரிக்கும். இயக்குபவர் டிஆரைக் கூட்டியோ கோணத்தைக் குறைத்தோ தொடர்வார். அந்த மாற்றம் உங்கள் அழகான பிடிஎஃபில் ஒருபோதும் ஏறாது.

பழைய_கை
டைகாம்தான் வேதம் என்பவர்கள் பிலிப்ஸ் ஸ்கேனரில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். துண்டுகள் எடுக்கப்பட்ட நேர வரிசையும் கட்டக் குறியாக்கம் (சமிக்ஞையில் இடத்தைக் குறிக்கும் ஒரு படி) எந்தத் திசையில் நடந்தது என்பதும் வழக்கமாக அந்த டைகாமில் கிடைப்பதில்லை; எஃப்எம்ஆர்ஐ (மூளையின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) செய்பவர் அவற்றுக்கு எக்ஸாம்கார்டு என்ற பிலிப்ஸ் புரோட்டோகால் கோப்பைத்தான் நாட வேண்டியிருக்கும். 2016இல் பிட்ஸ் என்ற மூளைப் படத் தரவுகளை ஒழுங்குபடுத்தும் தரம் வெளியானதிலிருந்தே, ஜேசன் தானாக வந்துவிடும் என்று நம்பிக் கையால் எதையும் எழுதாத ஒரு தலைமுறை உருவாகிவிட்டது.

சாய்வுக்காந்தம்
தலைமுறையைப் பற்றிய தீர்ப்பை வேறோர் இழையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே கேள்வி கேட்டவர் பயன்படுத்துவது பிரிஸ்மா.

குறிப்பேடு
இருவரும் சொல்வது இரண்டு வேறு ஆவணங்களைப் பற்றி, ஆகவே இரண்டையுமே வைக்கலாம். புரோட்டோகாலை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபாண்டத்தை (ஆளுக்குப் பதிலான சோதனைப் பொருள்) ஸ்கேன் செய்து, அதன் ஜேசன், பிடிஎஃப், எக்ஸார்1 ஆகிய மூன்றையும் ஒரே கமிட்டில் நாங்கள் ஏற்றுகிறோம். பங்கேற்பாளர்களின் டைகாம் எதுவும் களஞ்சியத்துக்குள் போவதில்லை என்பதால் தனியுரிமைச் சிக்கலும் இல்லை.

இன்னொரு ஆய்வகத்துக்கு அனுப்புவது பற்றி: எக்ஸார்1 மட்டும் போதாது. அவர்களுடைய மென்பொருள் உங்களுடையதைவிடப் பழையதாக இருந்தால் பெரும்பாலும் திறக்காது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சிஎம்ஆர்ஆர் மையம் தரும் பல்பட்டைச் சீக்வென்ஸ் (ஒரே நேரத்தில் பல துண்டுகளை எடுப்பது) போன்றவற்றை உங்கள் புரோட்டோகால் நம்பியிருந்தால், அது அவர்களிடமும் உரிய ஒப்பந்தத்துடன் நிறுவப்பட்டிருக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் ஸ்கேனர் என்றால் அந்தக் கோப்பால் எந்தப் பயனும் இல்லை; பிடிஎஃபைப் பார்த்துக் கையால் மறுபடி அமைத்துக்கொள்வார்கள். அமெரிக்கச் சிறார்களின் மூளை வளர்ச்சியைத் தொடரும் ஏபிசிடி ஆய்வு சீமென்ஸ், ஜிஇ, பிலிப்ஸ் மூன்றுக்கும் தனித்தனியே அமைத்த அளவுருக்களை வெளியிட்டிருப்பது இதனால்தான். பதிப்புக்கு ஓர் எண் கொடுத்து, ஸெனோடோ என்ற திறந்த களஞ்சியத்தில் ஏற்றி டிஓஐ (நிலையான அடையாள எண்) பெற்றுக்கொண்டால், கட்டுரையில் எந்தப் பதிப்பு என்று குறிப்பிட வசதியாக இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் வின் எனப்பட்ட மூளைப் படமாக்க மையத்தில் இதற்கென்றே புரோட்டோகால் தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள்.

சுருள்பித்தன்
ஜேசனில் சுருளின் எந்தப் பகுதிகள் செயல்பட்டன என்ற புலத்தையும் பார்த்தீர்களா? பின்பாதி மட்டும் தேர்வாகியிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

இரவுநேர_ஸ்கேன்
கள்ளிச்செடி, ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

கள்ளிச்செடி (வெள்ளி, காலை 7:15)
பார்த்தேன். சுருளும் உருக்குலைவுத் திருத்தமும் இரண்டிலும் ஒன்றே. பட வகைப் புலத்தில் பிப்ரவரி முதல் நார்ம் என்ற சொல் கூடுதலாக இருக்கிறது, ஜனவரியில் இல்லை. வேறு வேறுபாடு இல்லை.

இரவுநேர_ஸ்கேன்
அதுதான். பிரீஸ்கேன் நார்மலைஸ் என்ற தேர்வை யாரோ இயக்கியிருக்கிறார்கள். 32 சேனல் சுருளில் அதன் அருகிலுள்ள புறணி மிகப் பிரகாசமாகவும் நடுமூளை மங்கலாகவும் விழும்; அந்த ஏற்றத்தாழ்வை இது சமன் செய்கிறது. சாம்பல் பொருளுக்கும் வெண்பொருளுக்கும் இடையிலான எல்லையைப் பிரகாசத்தைக் கொண்டே மென்பொருள் வரைவதால், தடிமனும் நகரும். அதே தேர்வின் கீழ், வடிகட்டாத படங்களையும் சேமிப்பதற்கு ஒரு குறி இருக்கும். அது போடப்பட்டிருந்தால் பிப்ரவரிக்குப் பிந்தைய சமன் செய்யாத படங்கள் தனித் தொடராகக் கிடைக்கும், ஜனவரியுடன் அப்படியே சேர்த்துவிடலாம்.

சாய்வுக்காந்தம்
அவை இல்லையென்றால், இரண்டு தொகுதிகளுக்கும் என்4 (பிரகாச ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டு நீக்கும்) திருத்தம் செய்து பாருங்கள். இடைவெளி குறையும், ஆனால் முழுவதும் மறையும் என்று நான் உறுதி கூற மாட்டேன். நோயாளிகளும் கட்டுப்பாட்டுக் குழுவினரும் இரு காலங்களிலும் ஒரே விகிதத்தில் இருக்கிறார்களா என்பதை அதற்கு முன்பே பாருங்கள். நோயாளிகள் பெரும்பாலும் பிப்ரவரிக்குப் பிறகு வந்தவர்களாக இருந்தால், காலத்தை மாறியாகச் சேர்த்தாலும் நோயையும் நார்மையும் பிரித்தறிய முடியாது.

பழைய_கை
நான் கேட்ட கமிட் குறிப்பு இன்னும் வரவில்லை.

கள்ளிச்செடி (வெள்ளி, மாலை 6:02)
வடிகட்டாத படங்கள் சேமிக்கப்படவில்லை. பிப்ரவரிக் கமிட்டின் குறிப்பில் "சிறு திருத்தம்" என்று மட்டும் இருக்கிறது, ஏற்றியவர் நான்தான். என்4 ஓடிக்கொண்டிருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

குறிப்பேடு
அந்த இன்னோர் ஆய்வகத்துக்குக் கோப்பை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? அனுப்பியிருந்தால் எந்தப் பதிப்பு, நார்ம் உள்ளதா இல்லாததா?