வாட்ஸ் வரைந்த மினோட்டார்: பார்த்தால் பாவமாக இருக்கிறதே, எனக்கு மட்டும்தானா?

கரித்துண்டு:
ஆங்கில ஓவியர் ஜார்ஜ் பிரெடெரிக் வாட்ஸ் 1885இல் வரைந்த மினோட்டார், லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிற படம். மாட்டுத்தலை, மனித உடம்பு, மதில்மேல் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கிரேக்கப் புராணக் கதை தெரியும்: ஏதென்ஸிலிருந்து ஏழு பையன்களும் ஏழு பெண்களும் கப்பலில் கிரீட் தீவுக்கு வருவார்கள், அவர்கள்தான் இவனுக்கு இரை. ஆனால் படத்தில் அந்தக் கொடூரத்தைக் காணோம், மகன் வருவானா என்று திண்ணையில் உட்கார்ந்து தெருமுனையையே பார்த்திருக்கும் கிழவர் மாதிரிதான் தெரிகிறான். தப்பாகப் பார்க்கிறேனா?

ஓரக்கண்:
முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள். மதில்மேல் அவன் கையில் ஒரு சின்னப் பறவை நசுங்கிக் கிடக்கிறது. எனக்கும் முதலில் கண்ணில் படவில்லை. கோபத்தில் நசுக்கிய மாதிரியும் இல்லை, நசுக்கியதே அவனுக்குத் தெரியாதோ என்னவோ, கவனம் முழுக்கக் கடலில். கொம்பைவிட எனக்கு அதுதான் பயம்.

பழைய சட்டகம்:
அந்தப் பறவைக்குக் காரணம் இருக்கிறது. 1885 ஜூலையில் டபிள்யூ. டி. ஸ்டெட் என்ற பத்திரிகையாளர், லண்டனில் சிறுமிகளை விலைக்கு வாங்குவதைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார், இதே மினோட்டார் கதையைத்தான் உவமையாக எடுத்துக்கொண்டார். ஊரே கொதித்தது, அதே வருடம் சட்டம் மாறி, பெண்ணின் சம்மத வயது 13இலிருந்து 16ஆக உயர்ந்தது. வாட்ஸ் அதைப் படித்த ஆத்திரத்தில், ஒரே காலைப்பொழுதில் வரைந்ததாகச் சொல்வார்கள். ஆக பறவை யார், மிருகம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவன்மேல் பரிதாபம் வரவேண்டும் என்று அவர் வரையவில்லை.

சுண்ணாம்புச்சுவர்:
சரி, நோக்கம் அதுதான். ஆனால் கதைப்படி இவன் வெளியே வரமுடியாத சுற்றுவழிக்குள் அடைபட்டவன், கடலை எங்கே பார்ப்பது? மதிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதே வாட்ஸ்தான். அதோடு முதுகு நம் பக்கம், அதனால் நாமும் அவன் தோளுக்குப் பின்னால் நின்று கப்பலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. அருவருப்பைத்தான் வரைய வந்தார், நடுவில் ஏக்கமும் தூரிகையில் ஒட்டிக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஏக்கம் என்றால் நல்ல ஏக்கம் என்று அர்த்தமில்லை, அப்புறம் சண்டைக்கு வராதீர்கள்.

கரித்துண்டு:
இப்போதுதான் பெரிதாக்கிப் பறவையைப் பார்த்தேன். திண்ணைக் கிழவரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முகம் மட்டும் இன்னும் பாவமாகத்தான் இருக்கிறது, அதுதான் எரிச்சலாக இருக்கிறது.