மார்கழியில் சூரியன் தூரமாகப் போய்விடுகிறதா? உங்கள் குளிர் அனுபவங்களைச் சொல்லுங்கள்

பாம்பன் டீச்சர்:

போன மார்கழியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குரங்குக் குல்லாவோடு வந்து உட்கார்ந்தான். வெளியே 23 டிகிரி இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது, அவன் சிரிக்கவில்லை. "டீச்சர், இப்ப சூரியன் தூரமாப் போயிருச்சா?" என்று கேட்டான். பாடத்தை முடிக்கிற அவசரத்தில் "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. தூரமாவது! பூமி சூரியனுக்கு மிகவும் பக்கத்தில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில்தான். அப்போது சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி. தூரம்தான் காரணம் என்றால் பொங்கலுக்கு நாம் வெந்து போயிருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில் "நேத்து நான் சொன்னது தப்பு" என்று ஒத்துக்கொண்டு, ஒரு மீட்டர் கம்பை மைதானத்தில் நட்டோம். மதியம் 12.10 வாக்கில் நிழல் வடக்கே விழுந்தது, நீளம் 64 சென்டிமீட்டர். உச்சிப் பொழுதிலேயே வெயில் அவ்வளவு சரிந்து விழுகிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. டிசம்பரில் நாம் இருக்கிற வட பாதி சூரியனுக்கு முகம் காட்டாமல் விலகிச் சாய்ந்து நிற்கும். சரிந்து விழும் வெயில் கூடுதல் மண்ணில் பரவிவிடுவதால் சூடு குறைகிறது, பகலும் குறுகுகிறது. நமக்குக் குறுகுவது கொஞ்சம்தான், மிகச் சின்ன பகலே பதினொன்றரை மணி நேரம் வரும். டெல்லியில் பத்து மணி இருபது நிமிடம். அதே கம்பை அங்கே நட்டால் நிழல் 1.28 மீட்டர்.

சரி, குளிரை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை, இப்போது ஊரில்:

ரியாத்தில் நான்கு வருடம் இருந்தேன். முதல் ஜனவரியில் போன் செய்து "போர்வை வாங்கணும்" என்றேன். உம்மா நம்பவில்லை. "பாலைவனத்துல குளிருமாடா?" என்றார்கள். ராத்திரி 6, 7 டிகிரிக்கு இறங்கும். பகலில் சட்டையோடு திரியலாம், இருட்டியதும் மணல் சூட்டை விட்டுவிடும். காற்றில் ஈரமில்லை, மேகமில்லை, சூட்டைப் பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை. அப்புறம் ஜித்தாவுக்கு மாற்றினார்கள். கொஞ்சம் தெற்கே இருக்கிற ஊர்தான், ஆனால் செங்கடல் பக்கத்தில் இருப்பதால் ஜனவரி ராத்திரியிலும் மின்விசிறி போட்டுத் தூங்கினேன். ரியாத் போர்வையை அங்கே நான் பிரிக்கவே இல்லை.

பரமக்குடி பக்கம்:

சவூதி வரை எதற்கு? தை மாதம் விடியற்காலை எங்கள் முண்டு மிளகாய்க் கொல்லைக்கு வாருங்கள். முழங்கால் வரை பனியில் நனைந்துவிடும். அதே நேரத்தில் பாம்பனில் இருக்கிற என் மச்சான் "இங்க காத்து மட்டும்தான்யா" என்பார். உங்களுக்கு வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம். தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். எங்களுக்கு வெறும் கரிசல்.

எனக்கு ஒரு சந்தேகம். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்கிறார்கள். மிகச் சின்ன பகல் டிசம்பர் 21, 22-லேயே முடிந்துவிடுகிறதே, குளிர் ஏன் பிந்தி வருகிறது?

பாம்பன் டீச்சர்:

பகல் நீளத் தொடங்கிய பிறகும் சில வாரம் வரவைவிடச் செலவுதான் அதிகம். ராத்திரி வெளியேறுகிற சூட்டைப் பகல் வெயில் ஈடுகட்டும் வரை குளிர் ஏறிக்கொண்டே போகும். அதோடு, ஐப்பசி கார்த்திகையில் மழை மேகம் கம்பளி மாதிரி மூடியிருக்கும். தையில் வானம் வெளுத்துவிடும்.

கப்பலில் வேலை, சொந்த ஊர் தேவிபட்டினம்:

நார்வேயின் பெர்கன் துறைமுகத்துக்கு ஜனவரியில் போனோம். டீச்சரின் கம்பை அங்கே டிசம்பர் கடைசியில் நட்டால் நிழல் ஒன்பது மீட்டர் வரும். பயந்து மூன்று ஸ்வெட்டர் போட்டு இறங்கினால், மழை! ஐப்பசி மழை மாதிரி நசநசவென்று. 2, 3 டிகிரி. எங்களோடு இருந்த ரஷ்யர் யாகுட்ஸ்க் ஊர்க்காரர். பெர்கனுக்கும் அந்த ஊருக்கும் அட்சரேகை ஏறக்குறைய ஒன்றுதான், அங்கே ஜனவரி சராசரி மைனஸ் 40-ஐ ஒட்டி. என் ஸ்வெட்டர்களைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. பெர்கனுக்கு அட்லாண்டிக்கின் வெந்நீர் ஓட்டமும் அதன் மேலே வருகிற மேற்குக் காற்றும் துணை. யாகுட்ஸ்க்குக்குச் சுற்றி எந்தப் பக்கமும் நிலம்தான்.

முன்னாள் ராணுவம், முதுகுளத்தூர்:

கார்கில் பக்கம் திராஸில் இருந்தேன். பத்தாயிரம் அடிக்கு மேலே. வெயிலில் நின்றால் முகம் கருகும், நிழலுக்கு இரண்டு எட்டு வைத்தால் மூக்கு மரத்துப்போகும். காற்று மெலிந்து கிடக்கிறது, சூடு அதில் தங்காது. ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்று கணக்குச் சொல்வார்கள். ராத்திரி மைனஸ் 20-க்கும் கீழே போனதுண்டு. ஒன்று சொல்கிறேன் டீச்சரம்மா, மத்திய ஆசியாவின் குளிர்காற்றை அந்த இமயமலைதான் மறித்து நிற்கிறது. நம்ம ஊருக்கு வருகிற வாடை வங்காள விரிகுடாவில் நனைந்து வருவது. ஊர் திரும்பிய முதல் தையில் 22 டிகிரிக்கு நானும் குல்லா போட்டேன், வெட்கமே இல்லை. உடம்பு பழகினதைத்தான் கேட்கும்.

தொண்டி:

டீச்சர், கம்பு விஷயம். ஜூனில் நிழல் எந்தப் பக்கம் விழும்?

பாம்பன் டீச்சர்:

தெற்கே! சுமார் 25 சென்டிமீட்டர். அப்போது சூரியன் நமக்கு வடக்கே போயிருக்கும். நடுவில், சித்திரை ஒன்றை ஒட்டி, மதியத்தில் கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். குல்லாக்காரன் அன்றைக்கு மைதானத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். குல்லா இல்லாமல்.