உதவி: சார்ஜர் சிவப்பிலேயே நிற்கிறது, விடிகாலை லோடு இருக்கிறது

நெடுகுளா கேரட் – இரவு 8.12
அவசரம். நேற்று மதியக் காற்றில் கற்பூர மரம் சாய்ந்து லைன் அறுந்துவிட்டது, இன்னும் கரண்ட் வரவில்லை. என் எலக்ட்ரிக் பிக்கப்பில் 18% தான் இருக்கிறது. சார்ஜர் மாட்டினால் சிவப்பு விளக்கு, பச்சை ஆகவே மாட்டேன் என்கிறது. முந்தாநாள் வரை நன்றாக ஏறியது. கேரட் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டியாயிற்று. 3 மணிக்குக் கிளம்பினால்தான் மேட்டுப்பாளையம் மண்டியில் இடம். தெரிந்தவர்கள் உடனே சொல்லவும். அப்புறம், வீடும் இருட்டு. வண்டி பேட்டரியிலிருந்து வீட்டுக்கு லைன் எடுக்க வழி உண்டா?

எல்லநள்ளிக்காரன் – 8.19
என்ன வண்டி? பேட்டரி எத்தனை யூனிட்? சார்ஜர் வண்டியோடு வந்ததா, வெளியே வாங்கியதா?

பனிமூட்டம் – 8.24
குளிர்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். லித்தியம் பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்காது. போன ஜனவரியில் தலைகுந்தாவில் என் ஸ்கூட்டர் இதே கதைதான். வெயில் வந்த பிறகுதான் வழிக்கு வந்தது. பேட்டரிப் பெட்டி மேல் கம்பளி போர்த்திப் பாருங்கள்.

எல்லநள்ளிக்காரன் – 8.26
ஜூலை மாசத்தில் உறைபனியா சார்?

பனிமூட்டம் – 8.29
காற்றுக் குளிரையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் – 8.33
பேட்டரிக்குக் காற்றுக் குளிர் தெரியாது ஐயா, அது உங்கள் காதுக்குத்தான். கேள்வி கேட்டவருக்கு: "சிவப்பு" என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. விளக்கு நிலையாக எரிகிறதா, மினுக்குகிறதா? மினுக்கினால் எத்தனை முறை மினுக்கி நிற்கிறது? அந்த எண்ணிக்கைதான் பழுது என்ன என்று சொல்லும், சார்ஜரோடு வந்த தாளில் அச்சடித்தே இருக்கும். தாளை யாரும் படிப்பதில்லை. படிக்காமல் இங்கே வந்து "உடனே சொல்லவும்" என்று எழுதினால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது?

காரமடை டீசல் – 8.41
இதற்குத்தான் தலையால் அடித்துக்கொள்கிறேன். மலைக்கு டீசல்தான். கேன் பிடித்து ஊற்றினோமா, போனோமா.

அரவேணு தேயிலை – 8.46
தம்பி, இரண்டு நாளாக ஊரில் கரண்ட் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சார்ஜரை எதில்தான் மாட்டினீர்கள்?

நெடுகுளா கேரட் – 9.02
ஜெனரேட்டரில்தான் அக்கா, வேறு எதில்? சொன்னதாக நினைத்துக்கொண்டேன். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர், 2.8 கேவிஏ, வீட்டு விசேஷத்துக்கு லைட் போட வாங்கியது. பேட்டரி 21 யூனிட், சார்ஜர் வண்டியோடு வந்த 16 ஆம்பியர். கம்பெனி பெயர் வேண்டாம், ஷோரூம் பையன் இந்தக் குழுவில்தான் இருக்கிறான். டியூப்லைட் வரை நன்றாக எரிகிறது, சார்ஜர் மட்டும்தான் முறைக்கிறது.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் – 9.10
இதை 8.12-க்கே எழுதியிருந்தால் 8.15-க்கு விடை வந்திருக்கும். ஈபி லைனில் நியூட்ரலை டிரான்ஸ்பார்மர் பக்கத்திலேயே பூமியோடு சேர்த்திருப்பார்கள். சின்ன ஜெனரேட்டரில் நியூட்ரல் எதோடும் சேராமல் மிதக்கும். டெஸ்டரை வைத்துப் பாருங்கள், பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரியும். பல்புக்கு அது போதும். வண்டிச் சார்ஜர் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கும். எர்த் தெரியவில்லை, சிவப்பு. அவ்வளவுதான். ஜெனரேட்டர் பக்கம் ஒரே இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, எர்த் கம்பி அடித்து, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற சுவிட்ச்) போட்டால் தீர்ந்தது. ஒயர்மேன் செய்ய வேண்டிய வேலை அது. ராத்திரி மழையில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

எல்லநள்ளிக்காரன் – 9.17
எர்த் சரியானாலும் அந்த ஜெனரேட்டர் இழுக்காது சார். சார்ஜர் 3 கிலோவாட் கேட்கும். 2.8 என்பதே கீழ்நாட்டுக் கணக்கு. 300 மீட்டர் ஏறினால் இஞ்சின் பலத்தில் 3 சதவீதம் போகும், காற்று லேசாகிவிடுவதால். கோத்தகிரியே சுமார் 1,800 மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று வைத்தால் மிச்சம் 2.2 தான். வோல்டேஜ் படுத்துவிடும், சார்ஜர் கட் ஆகும்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் – 9.20
முதலில் எர்த். லோடு அப்புறம். வாசல் திறக்காத வீட்டில் பந்தி எங்கே போடுவது?

எல்லநள்ளிக்காரன் – 9.23
திறந்தாலும் இலையில் சோறு இல்லை என்கிறேன். இந்த மாதிரி ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இரண்டு யூனிட் வந்தால் பெரிது. கேரட் விற்ற காசு பங்க்குக்கே போய்விடும்.

சேரம்பாடி ஜீப் – 9.28
வீட்டுக் கரண்ட் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே. என் மச்சான் காரில் வி2எல் இருக்கிறது, கார் பேட்டரியிலிருந்து வீட்டுச் சாமான்களுக்குக் கரண்ட் தருகிற வெளிப்பிளக். இரண்டு பக்கமும் பின் வைத்து ஒரு ஒயர் செய்து, ஒரு முனையைக் காரிலும் மறுமுனையை ஹால் பிளக்கிலும் செருகிவிடுவான். வீடு முழுக்க ஜெகஜோதி.

அரவேணு தேயிலை – 9.31
உங்கள் மச்சானிடம் அந்த ஒயரை இன்றைக்கே வெட்டிப் போடச் சொல்லுங்கள். ஒரு முனை கழன்றால் கையில் இருப்பது உயிருள்ள பின். மெயினை அணைக்க ஒருநாள் மறந்தால் வீட்டுக் கரண்ட் கம்பிவழி வெளியே போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி, அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக நிற்கும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மழைக் கோட்டோடு கம்பத்தில் தொங்குகிற பையன் என்ன ஆவான்? எங்கள் ஹட்டிக்கு (ஊருக்கு) வருகிறவனுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. வீட்டோடு சேர்க்க வேண்டுமானால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட வேண்டும், ஈபி ஒரு பக்கம், வண்டி மறுபக்கம், இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி. அது இல்லையா, எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றை நேரே காரிலிருந்து இழுத்து ஃபிரிட்ஜையும் லைட்டையும் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்.

சேரம்பாடி ஜீப் – 9.34
அவன் எப்போதும் மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்வான்.

அரவேணு தேயிலை – 9.35
எப்போதும் என்பது மறக்கும் வரைதான்.

தம்பி, உங்கள் வண்டிக்கு வருகிறேன். லோடு வண்டிகளில் அந்த வெளிப்பிளக் பொதுவாகக் கிடையாது. இருந்தால் புத்தகத்தில் போட்டிருக்கும். இல்லையென்றால் ஆரஞ்சு நிற ஒயர் பக்கம் கையே போகக் கூடாது, அது பெரிய பேட்டரியின் டிசி. பீடி பற்ற வைக்கிற 12 வோல்ட் ஓட்டையில் கார் இன்வர்ட்டர் ஒன்று, 100 வாட், செருகினால் நாலு எல்இடி, போன், மோடம் ஓடும். சாவி ஆன் நிலையில் இருந்தால்தான் பெரிய பேட்டரி சின்ன 12 வோல்ட் பேட்டரியை நிரப்பிக்கொண்டே வரும், இல்லாவிட்டால் காலையில் சின்னது படுத்துவிடும்.

பனிமூட்டம் – 9.41
அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்று எலக்ட்ரிக் பிக்கப். 9.6 கிலோவாட் வெளியே தரும். கரண்ட் போனால் அதுவாகவே வீட்டை ஏற்றுக்கொள்ளும், அதற்குத் தனிப் பெட்டி சுவரில் வைத்திருப்பார்கள். நமக்கு எப்போது வருமோ.

காரமடை டீசல் – 9.44
அது குஞ்சப்பனை வளைவில் திரும்பட்டும், பார்க்கலாம்.

எல்லநள்ளிக்காரன் – 9.47
அதெல்லாம் எதற்கு? நம் மலைத் தண்ணீரை பைக்காராவிலும் குந்தாவிலும் சுழற்றித்தான் கீழே ஊரெல்லாம் எரிகிறது. ஒரு மரம் விழுந்தால் நமக்கு இரண்டு நாள் சிம்னி விளக்கு. பைக்காராதான் இந்தப் பக்கத்தின் முதல் நீர்மின் நிலையம், 1932.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் – 9.50
தவறு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்காகக் காட்டேரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுத்தாயிற்று.

எல்லநள்ளிக்காரன் – 9.52
அது தொழிற்சாலைக்கு மட்டும். நான் சொன்னது ஊருக்கு.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் – 9.53
"முதல்" என்று எழுதினால் முதல் என்றுதான் அர்த்தம். அப்புறம், இரண்டு நாள் என்று புலம்புகிறீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது லைனில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

காரமடை டீசல் – 9.58
சரித்திரம் போதும். கேரட் அழுகிறது. ஒன்று கேட்கிறேன், மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம்தானே? என் பழைய வண்டியை நியூட்ரலில் விட்டாலே போய்ச் சேர்ந்துவிடும்.

அரவேணு தேயிலை – 10.03
நியூட்ரலில் இறங்கித்தான் பாதிப் பேர் பிரேக் கருகிப் பள்ளத்தில் கிடக்கிறார்கள். ஆனால் அண்ணா, நீங்கள் கிண்டலுக்குச் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சார்ஜரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தம்பி, மூட்டையோடு சேர்த்து வண்டி எவ்வளவு எடை? சுமார் 2.4 டன் என்று வைக்கிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 33 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1,450 மீட்டர் இறக்கம். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுவது ஒன்பதரை யூனிட். டயருக்கும் காற்றுக்கும் மோட்டாருக்கும் போனதுபோக இரண்டு, மூன்று யூனிட்டாவது ரீஜென்னில், அதாவது இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகச் சுற்றி, பேட்டரிக்குத் திரும்பும். போகும்போது லோடு, வரும்போது காலி. இந்த ரோட்டுக்கு எலக்ட்ரிக் வண்டி தோதாக அமைந்ததே அதனால்தான். 18% என்பதும் ஒரு வகையில் நல்லதுதான். முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால் ரீஜென்னுக்குப் பேட்டரியில் இடம் இருக்காது, மொத்தப் பாரமும் பிரேக்கில் உட்காரும். நான் தேயிலை இறக்கும்போது 80-க்கு மேல் ஏற்றுவதே இல்லை.

பயம் ஒன்றே ஒன்றுதான், நெடுகுளாவிலிருந்து கோத்தகிரி வரை உள்ள மேடு பள்ளம். அதில் நாலைந்து சதவீதம் போகும். ஹீட்டர் போடாதீர்கள், மெதுவாக ஓட்டுங்கள். கோத்தகிரியில் 10-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள், அரவேணுவில் எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறது. திரும்பி ஏறக் காலி வண்டிக்கே பத்து யூனிட் வேண்டும், கீழே மூன்று நான்கு மணி நேரமாவது போட்டுவிட்டு வாருங்கள்.

குஞ்சப்பனையில் பலாக் காலம். உங்கள் வண்டியில் சத்தம் இல்லாததால் யானைக்கு நீங்கள் வருவதே தெரியாது. வளைவுக்கு வளைவு நின்று பார்த்துப் போங்கள்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் – 10.09
கணக்கு ஏறக்குறைய சரி. ஆனால் கேட்டது சார்ஜர் பழுது பற்றி.

பனிமூட்டம் – 10.15
விடிகாலைக் குளிரில் ரீஜென் குறையும், ஞாபகம் இருக்கட்டும்.

எல்லநள்ளிக்காரன் – 11.20
என்ன ஆனீர்கள் நெடுகுளா? தூங்கிவிட்டீர்களா?

நெடுகுளா கேரட் – காலை 6.48
மண்டியில் இருக்கிறேன். கோத்தகிரி வரும்போது 13, வயிறு கலங்கிவிட்டது. அரவேணு தாண்டியதும் நம்பர் ஏற ஆரம்பித்தது. இறங்கி நிறுத்தும்போது 26. யானை இல்லை, சாணிதான் இருந்தது, ஆவி பறந்தது. ஒரு டீக்கடையில் பிளக் கேட்டு மாட்டியிருக்கிறேன், வந்த உடனே பச்சை. அக்காவுக்கு ஒரு மூட்டை கேரட் பாக்கி. மூட்டை எண்ணுகிறார்கள், அப்புறம் வருகிறேன்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் – 7.05
எத்தனை முறை மினுக்கியது என்று இன்னும் சொல்லவில்லை.