கிட்டாரில் மெலிசான நெக்கை (இடது கை பிடிக்கிற நீளமான கழுத்துப் பகுதி) கழற்றி மொத்தமான நெக் போட்டவர்கள், உங்கள் அனுபவம் என்ன?

சின்னக்கை:

ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல்) வகை கிட்டார். முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) 20 மி.மீ. சொச்சம் தடிமன் இருந்த நெக்கைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் ஃபிரெட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் வரை ஒரே சீராக 25 மி.மீ. இருக்கும் மேப்பிள் நெக் போட்டிருக்கிறேன். ஹீல் (கிட்டாரின் உடலான பாடியில் உட்காரும் நெக்கின் அடிப்பகுதி) பொருந்தியது, நட் (நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங் தங்கும் சின்னக் கட்டை) வெட்டியாயிற்று, செட்டப் ஆயிற்று. அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

மனசை விட்டுப் போகாதது ஒரு எஃப் கார்டு. முதல் ஃபிரெட்டில் பார் போட்டு (ஆள்காட்டி விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கி) பிடிக்கிற அதே எஃப்தான். பழைய நெக்கில் ஒரு பாட்டு முழுக்க பார் கார்டு வாசித்தால் கட்டைவிரலின் அடிச்சதை விறைத்துவிடும், பாட்டு முடிந்ததும் கையை உதறியே ஆக வேண்டும். புது நெக்கில் எஃப் பிடித்தேன், பி பிளாட்டுக்குப் போனேன், மறுபடியும் எஃப். எப்போது வலிக்கும் என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். வலிக்கவே இல்லை. குனிந்து பார்த்தால் உள்ளங்கை நெக்கின் முதுகில் முழுசாகப் படிந்திருக்கிறது. பழைய நெக்கில் அந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருக்கும்.

"கை சின்னது, உனக்கு மெலிசான நெக்தான் சரி" என்று என்னிடம் சொல்லாத ஆளே கிடையாது. ஆனால் மெலிசான நெக்கில் கட்டைவிரலும் மற்ற விரல்களும் ரொம்ப நெருங்கி, கிள்ளுகிற நிலையிலேயே அழுத்த வேண்டியிருக்கிறது. மொத்தமான நெக் கையைக் கொஞ்சம் விரித்து வைக்கிறது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். வேறு யாருக்காவது இப்படி நடந்ததா, இல்லை நேர்மாறாகவா?

திருகாணி:

வலி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் விஷயம் ஒரு காகிதத் துண்டு.

தடித்த நெக், நான்கு ஸ்க்ரூவும் இறுக்கியாகிவிட்டது, இனி ஒரு சுற்றுகூடப் போகாது. சந்தேகத்துக்கு ஹீலுக்கும் பாக்கெட்டுக்கும் (ஹீல் உட்கார பாடியில் வெட்டிய பள்ளம்) நடுவில் காகிதத்தை விட்டுப் பார்த்தேன். சர்ரென்று உள்ளே போய்விட்டது. இறுக்கின நெக்குக்கு அடியில் காகிதம் எப்படிப் போகும்? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

காரணம் பாடியில் இருந்த துளைகள். ஸ்க்ரூவின் மரை பாடியின் மரத்தையும் கடித்துக்கொண்டிருந்தது, நெக்கின் மரத்தையும் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் கடித்தால் ஸ்க்ரூவால் ஒன்றை இன்னொன்றோடு இழுத்துச் சேர்க்க முடியாது, இருக்கிற இடைவெளியை அப்படியே பூட்டிவிடும். மரை நெக்கில் மட்டும்தான் பிடிக்க வேண்டும். பாடித் துளையில் ஸ்க்ரூ தானாக விழுகிற அளவுக்கு இடம் வேண்டும். துளைகளை 4.5 மி.மீ. ஆக்கிவிட்டு மறுபடி இறுக்கினேன். மூன்றாவது ஸ்க்ரூவில் "டக்" என்று ஒரு சத்தம், நெக் உள்ளே உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் எந்தப் பக்கம் முயன்றாலும் காகிதம் நுழையவில்லை. சஸ்டெயினும் (ஸ்வரம் நீண்டு நிற்பது) நன்றாகவே கூடியது. தடித்த நெக்கின் மரத்துக்கு அந்த பலம் உண்டு.

ஏழாம் ஃபிரெட்:

திருகாணி, நெக் சரியாக உட்கார்ந்ததால் கூடியதை நெக்கின் தடிமன் கணக்கில் எழுதுகிறீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாறியிருக்கின்றன, பலனை ஒன்றுக்கு மட்டும் கொடுக்க முடியாது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் பழைய நெக்கில் ஜி ஸ்ட்ரிங், 12ஆம் ஃபிரெட், டெட் ஸ்பாட். அந்த ஒரு ஸ்வரம் மட்டும் பிறந்த உடனே செத்துவிடும். பெண்ட் செய்து (ஸ்ட்ரிங்கை விரலால் வளைத்து) நிறுத்துகிற முக்கியமான இடமும் அதுவேதான். இதற்காகத்தான் 25 மி.மீ. நெக் மாட்டினேன். மாட்டியதும் முதல் வேலையாக அந்த ஸ்வரத்தை வாசித்தேன். நீளமாக நின்றது. கண் கலங்கிவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டாக ஏறிப் பார்த்தால், 16ஆம் ஃபிரெட்டில் இன்னொரு ஸ்வரம் சோர்ந்து கிடக்கிறது. டெட் ஸ்பாட் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஏனென்றால் நெக்குக்கென்று ஓர் அதிர்வெண் இருக்கிறது. ஸ்ட்ரிங்கின் அதிர்வெண் அதோடு ஒத்துப்போகிற இடத்தில், ஸ்ட்ரிங்கின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்கிறது. தடிமன் கூடினால் விறைப்பு அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும்: 20 மி.மீ. 25 ஆனால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எடை அந்த அளவுக்கு ஏறாது. அதனால் நெக்கின் அதிர்வெண் மேலே போகிறது, டெட் ஸ்பாட்டும் மேலே போகிறது. ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதி) ஒரு சின்ன கிளாம்ப் மாட்டி எடையைக் கூட்டிப் பாருங்கள், அதே ஸ்பாட் கீழே இறங்கும். நான் செய்து பார்த்தேன். எனக்கு 16ஆம் ஃபிரெட் அவ்வளவாகத் தேவைப்படாது, அதனால் நெக்கை வைத்துக்கொண்டேன். ஆனால் "தடித்த நெக் என்றால் சஸ்டெயின்" என்று பொதுவாகச் சொல்லி அடுத்தவரை வாங்கவைக்காதீர்கள்.

பழையமரம்:

நானும் போட்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே யாரும் நெக்கைப் பொருத்துகிற அளவுகளைப் பேசவில்லை, புதிதாகச் செய்யப்போகிறவர்கள் கஷ்டப்படுவார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன்.

நெக் எவ்வளவு தடித்திருந்தாலும் ஹீல் அதே அளவுதான். ஃபெண்டர் வகையில் ஹீலின் அகலம் 56 மி.மீ. அளவில், கனம் ஃபிங்கர்போர்டையும் (ஃபிரெட் பதித்த முகப்புப் பலகை) சேர்த்து 25.4 மி.மீ., பாக்கெட் ஆழம் ஏறக்குறைய 16 மி.மீ. ஆக, தடித்த நெக் போட்டால் ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) ஏறிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. தடிமன் எல்லாம் கை பிடிக்கிற இடத்தில்தான்.

ஸ்ட்ராட் ஹீலின் முனை வளைவு, டெலி (டெலிகாஸ்டர், ஃபெண்டரின் இன்னொரு மாடல்) ஹீலின் முனை சதுரம். ஸ்ட்ராட் பாடியில் டெலி நெக் வைத்தால் மூலைகள் இடிக்கும். ஸ்கேல் நீளத்தையும் (நட்டிலிருந்து, பாடியில் ஸ்ட்ரிங் தங்கும் பிரிட்ஜ் வரையான நீளம்) பார்த்துவிடுங்கள்: ஃபெண்டர் 648 மி.மீ. பாக்கெட்டில் அதே பிரிட்ஜை நகர்த்தாமல் 628 மி.மீ. வேண்டுமென்றால், அதற்கென்றே செய்த கன்வர்ஷன் நெக்தான் போட வேண்டும். வேறு கிட்டாரில் கழற்றியது சுருதி சேராது. டியூனர் (ஸ்ட்ரிங்கை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு) துளையும் முக்கியம். புதிய வகை டியூனருக்கு 10 மி.மீ., பழைய வகைக்கு 9 மி.மீ.க்கும் குறைவு. பெரிய துளையில் பழைய டியூனர் போட அடாப்டர் புஷிங் கிடைக்கிறது. சின்னத் துளையைப் பெரிதாக்குவதுதான் ஆபத்து, மரம் பிளந்துவிடும்.

துளையில்லாத ஹீல் வந்தால், நெக்கை பாக்கெட்டில் வைத்து, இரண்டு ஈ ஸ்ட்ரிங்கையும் மாட்டி லேசாக இழுவை கொடுத்து, இரண்டும் ஃபிங்கர்போர்டின் இரு ஓரத்திலிருந்தும் சம தூரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். சரியானதும் கிளாம்ப் போட்டு, பாடித் துளை வழியாகக் குறியுங்கள். பிரிட்ஜில் ஸ்ட்ரிங் அகலம் 56.4 மி.மீ. இருக்கும் கிட்டாரில் ஓரத்தில் இடம் குறைவு, அங்கே அரை மி.மீ. தவறினாலும் ஈ ஸ்ட்ரிங் வழுக்கி விழும். 52.4 மி.மீ. பிரிட்ஜ் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மேப்பிளில் 3 மி.மீ.க்குச் சற்று மேலே பைலட் துளை (ஸ்க்ரூவுக்கு முன்பே போடும் வழித்துளை), ட்ரில் முனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூவில் மெழுகு தடவுங்கள். மெழுகு இல்லாமல் மேப்பிளில் இறுக்கினால் ஸ்க்ரூவின் தலை முறிந்து தண்டு உள்ளேயே நின்றுவிடலாம்.

துளையுள்ள ஹீல் என்றால் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் தளர்த்தி, நெக்கை வேண்டிய பக்கம் தள்ளி, மறுபடி இறுக்கினாலே பெரும்பாலும் நேராகிவிடும்.

கட்டைவிரல்:

சின்னக்கை, உங்களுக்கு நேர்மாறாக நடந்தது எனக்குத்தான். கட்டைவிரலை மேலே கொண்டுவந்து ஆறாம் ஸ்ட்ரிங்கை அமுக்கி வாசிக்கிறவன் நான். தடித்த நெக் போட்டேன். எஃப் கார்டுக்குக் கட்டைவிரலைச் சுற்றினேன். நகம் ஸ்ட்ரிங்குக்கு ஒரு நூல் முன்னாலேயே நின்றுவிட்டது. எவ்வளவு வளைத்தாலும் அந்த ஒரு நூல் எட்டவில்லை. இத்தனை வருடம் வாசித்த கை, திடீரென்று வேறு யாருடைய கையோ மாதிரி ஆகிவிட்டது. அந்த நெக்கைக் கழற்றினேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிறகு ஒரு நண்பரின் கிட்டாரை வாங்கிப் பார்த்தேன். அளந்தால் என்னுடையதைப் போலவே 25 மி.மீ. ஆனால் நெக்கின் முதுகு வி வடிவம். கட்டைவிரல் தாராளமாக எட்டியது! என்னுடையது யூ, ஷோல்டர் (முதுகின் இரு பக்கங்கள்) இரண்டும் பிதுங்கிய வடிவம். நடுவில் அளந்தால் ஒரே எண், கையில் பிடித்தால் இரண்டும் வேறு வேறு நெக். ஆகவே இங்கே எழுதுகிற எல்லாரும் மி.மீ.யோடு வடிவத்தையும் சொல்லுங்கள். 1950களின் தொடக்கத்து ஃபெண்டர் நெக்குகள் பருத்த யூ, 1950களின் நடுவில் வி வந்துவிட்டது. 1991இல் வந்த ஜெஃப் பெக் ஸ்ட்ராட்டின் முதல் நெக்கும் பேர்போன குண்டு. எல்லாமே "தடித்தது"தான், ஒன்று பிடித்தவருக்கு இன்னொன்று பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நின்று வாசிப்பவன்:

யாரும் சொல்லாத ஒன்று. மேடையில் வால்யூமைக் குறைக்க வலது கை குமிழுக்குப் போனது, அதே நேரம் இடது கையை எடுத்தேன். ஹெட்ஸ்டாக் நேராகத் தரையைப் பார்த்து இறங்கியது, மைக் ஸ்டாண்டில் டியூனர் இடித்தது. அந்தச் சத்தம் ஸ்பீக்கர் முழுக்கக் கேட்டது. எடை குறைந்த பாடியில் தடித்த நெக் போட்டால் இதுதான் நடக்கும். உட்கார்ந்து வாசிக்கும்போது தொடை தாங்கிக்கொள்வதால் வீட்டில் தெரியவே தெரியாது. உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கும் அகலமான தோல் ஸ்ட்ராப் போட்டேன், எடை குறைந்த டியூனர் மாற்றினேன், இப்போது நிற்கிறது. பழையமரம் இவ்வளவு எழுதியும் இதை விட்டுவிட்டாரே!

பழையமரம்:

ஸ்ட்ராப் தீர்வாகாது நண்பரே. இடது கை தாங்காவிட்டாலும் அந்தப் பாரத்தைத் தோள் தாங்கத்தானே செய்கிறது? ஸ்ட்ராட்டின் மேல் கொம்பு 12ஆம் ஃபிரெட் பக்கம் வரை நீள்வதால் அங்கே சமநிலை பெரும்பாலும் தப்பித்துவிடும். கொம்பு குட்டையான பாடியில்தான் இந்தப் பிரச்சினை. பாடியை எடைபோட்டுவிட்டு நெக் வாங்குங்கள் என்பேன்.

நின்று வாசிப்பவன்:

என்னுடையது கொம்பு குட்டையான பாடிதான். ஆனால் ஸ்ட்ராப் போட்டபின் சாயவில்லை என்று நான் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன்.

சின்னக்கை:

கட்டைவிரல், என்னுடையது சி வடிவம், ஷோல்டர் ஓரளவு சரிவாகவே இருக்கிறது. நீங்கள் சொன்னதும் எடுத்துப் பார்த்தேன்: கட்டைவிரல் ஆறாம் ஸ்ட்ரிங்கைத் தொடுகிறது, அமுக்க முடியவில்லை. நான் அப்படி வாசிப்பதில்லை என்பதால் இதுவரை கவனிக்கவே இல்லை. ஏழாம் ஃபிரெட், என் ஜி ஸ்ட்ரிங்கையும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன், 14ஆம் ஃபிரெட்டில் கொஞ்சம் சோர்வு இருக்கிறது. வலி இல்லாத கைக்கு அது எனக்குப் பெரிய விஷயமில்லை.

நின்று வாசிப்பதை இன்னும் பார்க்கவில்லை. ஒரு கேள்வி: ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) திருப்பினேன், நெக் அசைந்த மாதிரியே தெரியவில்லை. தடித்த நெக்கில் இப்படித்தானா?

திருகாணி:

ஆமாம், விறைப்பான நெக் மெதுவாகத்தான் கேட்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். ஸ்ட்ரிங் சுருதியில் இருக்கட்டும், ஒரு நாள் விட்டுவிட்டு, முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அமுக்கி ஏழாம் ஃபிரெட்டில் இடைவெளி பாருங்கள். ராட் ரொம்ப இறுக்கமாகத் தோன்றினால் நிறுத்திவிட்டு, ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, நெக்கைக் கையால் லேசாகப் பின்னுக்கு வளைத்துப் பிடித்தபடி திருப்புங்கள்.